பூ விற்கும் கம்பெனிப் பங்கு: வாங்குமுன் எங்கே பார்ப்பது?

தபாலில் பூவும் செடியும் அனுப்பும் கம்பெனிகளின் பங்கு, ஒரே ஒரு காலாண்டு முடிவைப் பார்த்து வாங்குகிறவர் கையைச் சுட்டுவிடும். 1999-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான பூ விற்பனைக் கம்பெனி 1-800-ஃபிளவர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்காண்டு முடிவது ஜூன் கடைசியை ஒட்டி. லாபத்தைச் சுமப்பது கிறிஸ்துமஸ் வரும் அக்டோபர்-டிசம்பர் காலாண்டு. பரிசுக்கூடை விற்கும் ஹாரி அண்ட் டேவிட்டை 2014-ல் வாங்கியபின் இந்தச் சாய்வு இன்னும் கூடிவிட்டது. ஜூலை-செப்டம்பரில் நஷ்டம் வழக்கமானதுதான், பதற வேண்டாம். போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஈஸ்டர் ஒரு வருடம் மார்ச்சில், ஒரு வருடம் ஏப்ரலில் விழும். விற்பனை காலாண்டு மாறிப்போகும். காதலர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அலுவலகத்துக்குப் போகும் பூங்கொத்தெல்லாம் போச்சு.

ரொக்கமும் அப்படியே. செப்டம்பர் இறுதியில் சரக்கு ஏறி, பணம் வற்றியிருக்கும். டிசம்பர் இருப்புநிலைக் குறிப்பைக் காட்டி "கம்பெனியில் பணம் குவிந்து கிடக்கிறது" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

செடியும் கிழங்கும் விற்கும் தோட்டப் பிரிவு இன்னும் சிக்கல். இலையுதிர் காலத்தில் விற்காத துலிப் கிழங்கை அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது, தள்ளுபடியில் தள்ள வேண்டும், இல்லையேல் குப்பை. பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி தரும் செலவு, விற்று மாதங்கள் கழித்தே வரும்.

எல்லாவற்றுக்கும் மேல் கடன். எஃப்டிடி என்ற இன்னொரு அமெரிக்கப் பூ விற்பனைக் கம்பெனி, இணையத்தில் பூ விற்ற புரோவைட் காமர்ஸை 2014-ல் கடன் வாங்கி வாங்கியது. கடன் சுமையோடு 2019 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நீண்டகாலம் வைத்திருக்க இந்தத் துறைப் பங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.