கேபிளா, டிடிஎச்சா, ஃப்ரீ டிஷ்ஷா: நெல்லைப் பக்கத்து வீட்டுக்கு எது தோது?

ஆன்டெனா கதை முடிந்துவிட்டது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி (வீட்டு ஆன்டெனாவில் பிடிக்கும்) ஒளிபரப்பை 2022 மார்ச்சோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. தரைவழி டிஜிட்டல் 2016-இல் சென்னை மாதிரி சில பெரிய நகரங்களுக்கு வந்ததோடு சரி, தாமிரபரணிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கம்பத்தைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தவர்களுக்கு வருத்தம்தான். இப்போது கையில் இருப்பவை மூன்று: கேபிள், கட்டண டிடிஎச், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்.

முதலில் காசு. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது அது அனலாக். வீட்டுக்கு வந்த ஒரே ஒயரைப் பிரித்து ஹாலுக்கும் உள்ரூமுக்கும் கொடுத்துவிடலாம், கேட்பாரில்லை. 2017-இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து செட்-டாப் பெட்டி வந்தபோது அந்த வசதி போயிற்று. டிவிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சந்தா. படம் தெளிவாச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். உள்ரூம் டிவி இருண்டதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2019-இல் சேனல் வாரியாகக் காசு கட்டும் முறை வந்தபிறகு கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் மாதச் செலவில் பெரிய இடைவெளி இல்லை.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவே கிடையாது. டிஷ், பெட்டி வாங்கும் செலவோடு முடிந்தது. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் இந்தி. டிடி தமிழ் உண்டு. சன் டிவி, விஜய் டிவி இல்லை. ராத்திரி சீரியல் பார்க்கும் ஆச்சி இருக்கிற வீட்டில் இதை மட்டும் மாட்டிவிட்டுத் தப்ப முடியாது.

அடுத்தது மழை. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டல் அப்படி இல்லை: கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றுமே இல்லை. டிடிஎச்சும் ஃப்ரீ டிஷ்ஷும் கனமழை தடுத்துவிடும் கேயூ (Ku) அலைவரிசையில் வருவதால் ஐப்பசி அடைமழையில் படம் நிற்கும். மழை விட்டதும் தானே வந்துவிடும். குற்றாலச் சாரலுக்குப் படம் அசையாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் உண்மையான எதிரி ஆடிக் காற்றுதான். டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. போல்ட்டை நன்றாக முறுக்கியிருக்க வேண்டும்.

மலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே, வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கிறது. பாபநாசத்திலும் அம்பாசமுத்திரத்திலும் பெரிய மலை மேற்கே இருப்பதால் குறுக்கே வராது. தென்கிழக்கில் ஒட்டி நிற்கும் தென்னையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளுக்கு மழையைவிடக் கரண்ட்தான் பிரச்சினை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் வழியில் சிக்னலைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் இல்லையென்றால் படம் வராது. ஆனால் ஒயர் அறுந்தால் அடுத்த தெருவிலிருந்து கேபிள்கார அண்ணாச்சி வருவார். டிடிஎச் என்றால் போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று தொடங்கி, ஆள் வருவதற்குள் மேட்ச் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணத்துக்கே பாளையங்கோட்டை, டவுன், பேட்டை வீடுகளுக்குக் கேபிள்தான். ஒயர் வந்து சேராத தோட்டத்து வீட்டுக்கும் ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் வீட்டுக்கும் கட்டண டிடிஎச்.

ஃப்ரீ டிஷ் இரண்டாவது டிவிக்கு நல்லது. இருண்டுபோன அந்த உள்ரூம் டிவிக்குச் செய்திக்கும் டிடி தமிழுக்கும் தாராளம். பழைய குண்டு டிவியாக இருந்தாலும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் குத்தும் ஓட்டை இருந்தால் பெட்டி வேலை செய்யும். வாங்கும்போது இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னல் வாங்கும் கருவி) கேளுங்கள்; பின்னால் இன்னொரு ஃப்ரீ டிஷ் பெட்டி வைத்தாலும் அதே டிஷ் போதும்.