ஓராண்டு மட்டும் மிச்சமுள்ள நட்சத்திரம்: விற்பதா, வைத்துக்கொள்வதா, நீட்டிப்பதா?

சீசனுக்கு முன் ஒரு பேஸ்பால் அணி எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை சில்லறை. பெஞ்சில் கடைசி ஆள் யார், புல்பென்னில் (ஆட்டத்தின் இடையில் வந்து பந்து வீசும் பிட்சர்கள்) எட்டாவது இடம் யாருக்கு என்பதெல்லாம் மே மாதத்துக்குள் இரண்டு முறை மாறிவிடும். பல ஆண்டுகளுக்கு அணியின் தலையெழுத்தையே மாற்றும் முடிவு வேறு: அணியின் பிடியில் இன்னும் ஓராண்டு மட்டும் இருக்கும் நட்சத்திர வீரரை என்ன செய்வது?

விதியை முதலில் பார்த்துவிடுவோம். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் 6 ஆண்டு சர்வீஸ் முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட். யாரோடும் பேரம் பேசலாம். ரோஸ்டரில், அதாவது அணியின் வீரர் பட்டியலில், 172 நாள் இருந்தால் ஓராண்டு சர்வீஸ். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம், அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன் (அணியும் வீரரும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவு செய்வது) வழியாக ஏறிக்கொண்டே போகும் சம்பளம். ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு மாறும். 2015இல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் நடுவில்தான் மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது 171 நாள். அந்த ஒரு நாளால் அணிக்கு அவர்மேல் இன்னோர் ஆண்டு உரிமை கிடைத்தது. அவர் போட்ட முறையீடு 2020இல் தோற்றது.

ஆறாம் ஆண்டின் வாசலில் நிற்கும் அணிக்கு மூன்று வழி உண்டு. குளிர்காலத்திலேயே ட்ரேட் செய்யலாம், அதாவது வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு வீரர்களை வாங்கலாம். வைத்துக்கொண்டு ஆடவிட்டு, போகும்போது ஒரு டிராஃப்ட் பிக்கை (புதிய இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) நஷ்டஈடாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது பெரிய பணம் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். உரிமையாளர் நீட்டிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் டிசம்பரிலேயே விற்பதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் விற்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை சோட்டோ, பெட்ஸ் ட்ரேடுகளைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறு எதுவும் இல்லை.

சான் டியாகோவின் சோட்டோ, பாஸ்டனின் பெட்ஸ்

2023 சீசனை சான் டியாகோ பாட்ரேஸ் 82 வெற்றி, 80 தோல்வியோடு முடித்தது. லீகின் மிகப் பெரிய சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு பிளேஆஃபுக்குக்கூடப் போகவில்லை. உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் மே மாதமே முறிந்திருந்தது. நவம்பரில் உரிமையாளர் பீட்டர் சைட்லர் காலமானார். ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய பிளேக் ஸ்னெல், கூடவே சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் வரிசையாக ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்கள். ஸ்டார்ட்டர்கள் மாறி மாறி வீசும் ரொட்டேஷனில் உறுதியாகச் சொல்ல யூ டார்விஷும் ஜோ மஸ்க்ரோவும்தான் மிச்சம். இந்த நிலையில் ஹுவான் சோட்டோ ஒருவருக்கே 2024இல் 3 கோடி டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். கடைசியில் அவர் வாங்கியது 3.1 கோடி.

டிசம்பரில் சோட்டோவையும் சென்டர் ஃபீல்டர் ட்ரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கினார்கள்: பிட்சர்கள் மைக்கேல் கிங், ஜானி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், ட்ரூ தோர்ப், கேட்சர் கைல் ஹிகாஷியோகா. பத்திரிகைகளில் பெயர் அடிபடும் பெரிய பேட்டர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு அது குறையாகத் தெரிந்திருக்கலாம். உண்மையில் அதுதான் பலம். அணிக்கு ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேயே நான்கு பிட்சர்கள் வந்தார்கள். அவர்களில் மூவர் ஏப்ரலிலேயே பந்து வீசத் தயார்.

கிங் அதுவரை பெரும்பாலும் புல்பென் பிட்சர். 2023இன் கடைசி வாரங்களில்தான் யாங்கீஸ் அவரை ஸ்டார்ட்டராகச் சோதித்துப் பார்த்தது. பாட்ரேஸ் அவரை முழுநேர ஸ்டார்ட்டர் ஆக்கியது. 2024இல் 173⅔ இன்னிங்ஸ், 201 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் கொடுத்த ரன் சராசரி; குறைந்தால் நல்லது) 2.95. தோர்ப் அப்போது கீழ்நிலையான மைனர் லீகில் இருந்த இளம் பிட்சர். அவர் 2022 டிராஃப்டில் வந்தவர் என்பதால் ரூல் 5 டிராஃப்டிலிருந்து (மற்ற அணிகள் மைனர் லீக் வீரரை எடுத்துக்கொள்ளும் வழி) காப்பாற்ற, அணி பாதுகாத்து வைத்திருக்கும் 40 பேர் ரோஸ்டரில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. இப்படி இடம் அடைக்காத இளைஞனுக்கு மற்ற அணிகளிடம் நல்ல விலை உண்டு. 2024 மார்ச்சில், சியோலில் சீசனைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன், தோர்ப்பையும் இன்னும் மூவரையும் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கினார்கள். அவர்மேல் இரண்டாண்டு உரிமை பாக்கி இருந்தது. சீஸ் ஜூலையில் வாஷிங்டனுக்கு எதிராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். கிரிஷம் போன இடத்தை, மைனர் லீகில் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த ஜாக்சன் மெரில் பிடித்து 24 ஹோம் ரன் அடித்தார். ரிசர்வ் கேட்சராக வந்த ஹிகாஷியோகாகூட 17 அடித்தார். சோட்டோ இல்லாத பாட்ரேஸ் 93 ஆட்டம் வென்றது. பட்டியலில் தொகை குறைந்து, லக்ஷரி டாக்ஸ் (அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் அணி கட்டும் வரி) வரம்புக்குக் கீழும் வந்தது.

யாங்கீஸுக்கும் இதில் நஷ்டம் இல்லை. சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார், அணி இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் வரை போனது. அதன்பின் அவர் மெட்ஸோடு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். வரம்பைத் தாண்டிச் செலவழித்த அணி என்பதால் யாங்கீஸுக்குக் கிடைத்த நஷ்டஈட்டு பிக் நான்காம் சுற்றுக்குப் பின்னால். ஓராண்டுக்காக ஐந்து பேரைக் கொடுத்ததை அந்த ஓராண்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பாஸ்டன். மூக்கி பெட்ஸ் 2018இன் எம்.வி.பி., அதாவது மிக மதிப்புமிக்க வீரர்; அந்த ஆண்டே அணி வேர்ல்ட் சீரீஸ் வென்றது. 2018, 2019 இரண்டிலும் ரெட் சாக்ஸ் லக்ஷரி டாக்ஸ் வரம்பைத் தாண்டியிருந்தது. தொடர்ந்து மூன்றாம் முறை தாண்டினால் அடிப்படை வரி விகிதம் 50 சதவீதம். 2020க்கு வரம்பு 20.8 கோடி டாலர். பெட்ஸின் சம்பளம் 2.7 கோடி. பிட்சர் டேவிட் பிரைஸுக்கு மூன்றாண்டில் இன்னும் 9.6 கோடி பாக்கி.

அவர்கள் செய்தது இதுதான்: 2020 பிப்ரவரியில் பெட்ஸையும் பிரைஸையும் ஒரே ட்ரேடில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். பிரைஸின் பாக்கியில் பாதியான 4.8 கோடியையும் தாங்களே கட்டினார்கள். வந்தவர்கள் அவுட்ஃபீல்டர் அலெக்ஸ் வெர்டுகோ, ஷார்ட்ஸ்டாப் ஜீட்டர் டவுன்ஸ், கேட்சர் கானர் வாங். முதலில் பேசியது மினசோட்டாவையும் சேர்த்த மும்முனை ட்ரேட். அதில் பிரஸ்டார் கிரட்டரோல் பாஸ்டனுக்கு வர வேண்டும். மருத்துவ அறிக்கையைப் பார்த்தபின் அவரை ஸ்டார்ட்டராக நம்ப முடியாது என்று பாஸ்டன் பின்வாங்கியது. சில நாள் இழுபறிக்குப் பின் ட்ரேடையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கிரட்டரோலும் டாட்ஜர்ஸுக்கே போய்ச் சேர்ந்தார்.

பெட்ஸ் அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸோடு 12 ஆண்டுக்கு 36.5 கோடி ஒப்பந்தம் போட்டு, அக்டோபரில் கோப்பையையும் தூக்கினார். பாஸ்டன் அந்தக் குறுகிய சீசனில் 24 வெற்றி, 36 தோல்வி. டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது 2022இல் சில ஆட்டங்கள் மட்டும். அந்த டிசம்பரில் வெய்வரில் (அணி விடும் வீரரை வேறு அணி எடுத்துக்கொள்ளும் முறை) போய்விட்டார். வெர்டுகோ சராசரிக்குச் சற்று மேலான வீரர், அதற்கு மேல் இல்லை.

கோளாறு எங்கே? மிகச் சிறந்த சரக்கையும் விலை போகாத சரக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில். பிரைஸின் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்வதே டாட்ஜர்ஸ் கொடுத்த விலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது. மீதிக்குத்தான் வீரர்கள் வந்தார்கள். பெட்ஸைத் தனியாக விற்றிருந்தால் இன்னும் நல்ல பிட்சர் ஒருவரையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். பிரைஸின் சுமையைத் தாங்களே தூக்கியிருக்கலாம். பாஸ்டனைப் போன்ற வருமானம் உள்ள அணிக்கு அது முடியாத காரியம் அல்ல. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், 27 வயது பெட்ஸை விற்கவே தேவையில்லாத அணி அது. பணம் இருந்தும் விற்றதுதான் ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத புண்.

பர்ன்ஸ்: சின்ன அணியின் கணக்கு

மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கு அந்தப் பணம் கிடையாது. 2024 பிப்ரவரி 1 அன்று, 2021இல் சை யங் வென்ற கார்பின் பர்ன்ஸை பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்தார்கள். வாங்கியது இன்ஃபீல்டர் ஜோயி ஓர்டிஸ், இடக்கை பிட்சர் டி.எல். ஹால், அந்த ஆண்டு டிராஃப்டின் 34ஆம் பிக்.

இந்த ட்ரேடை எடைபோட, பர்ன்ஸை வைத்துக்கொண்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை எதிர்த் தட்டில் வைக்க வேண்டும். ஓராண்டு பர்ன்ஸ், அவர் போனபின் முதல் சுற்று முடிந்ததும் ஒரு நஷ்டஈட்டு பிக், அதாவது 30ஐ ஒட்டி. வருவாய்ப் பகிர்வு வாங்கும் அணியின் வீரர், அணி நீட்டும் குவாலிஃபையிங் ஆஃபரை (லீக் நிர்ணயிக்கும் தொகைக்கு ஓராண்டு ஒப்பந்தம்) மறுத்துவிட்டு 5 கோடி டாலருக்கு மேல் வேறு இடத்தில் கையெழுத்திட்டால் அந்த பிக் கிடைக்கும். ஆக பிக்குக்கு பிக் சரியாகப் போயிற்று, மில்வாக்கிக்கு அது ஓராண்டு முன்னதாகவே வந்தது. மிச்சம் இருப்பது ஓராண்டு பர்ன்ஸுக்கு எதிராகப் பல ஆண்டு ஓர்டிஸும் ஹாலும்.

கன்னர் ஹெண்டர்சனும் மற்ற இளைஞர்களும் நிறைந்த பால்டிமோர் இன்ஃபீல்டில் ஓர்டிஸுக்கு இடமே இல்லை. மில்வாக்கியில் உடனே மூன்றாம் பேஸ் அவருடையது. ஹால் காயங்களால் அதிகம் பயன்படவில்லை. அப்படியும் 2024இல் மில்வாக்கி 93 ஆட்டம் வென்று டிவிஷனைப் பிடித்தது. பால்டிமோர் வென்றது 91.

பர்ன்ஸ் வாங்கியவர்களை ஏமாற்றவில்லை. ஈ.ஆர்.ஏ. 2.92. பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டின் முதல் ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் தாண்டி வீசி, ஒரே ஒரு ரன் கொடுத்தார். பால்டிமோர் பேட்டர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை, 1-0. மறுநாளும் தோற்று வெளியேறினார்கள். ஓராண்டு நட்சத்திரத்தை வாங்குவதன் ஆபத்து அந்த ஒரு ஆட்டத்திலேயே இருக்கிறது: அவர் தன் வேலையை முழுதாகச் செய்தாலும் ஒன்பது பேட்டர்கள் சோர்ந்துவிட்டால் முதலீடு இரண்டே நாளில் முடிந்துபோகும். பர்ன்ஸ் அரிசோனாவுடன் 21 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டதால் பால்டிமோருக்கும் 2025இல் முதல் சுற்று முடிந்ததும் பிக் வந்தது. அதனால் வாங்கியவர்களின் நஷ்டமும் பெரிதல்ல.

வைத்துக்கொண்ட இருவர்

2022 ஏப்ரலில், சீசன் தொடங்கும் நாளில், யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன், ஆரன் ஜட்ஜுக்கு 7 ஆண்டுக்கு 21.35 கோடி டாலர் நீட்டிப்பு கொடுக்க முன்வந்ததாகவும் அவர் மறுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். ஜட்ஜ் அந்த ஆண்டு 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை உடைத்தார். டிசம்பரில் 9 ஆண்டுக்கு 36 கோடி. காத்திருந்ததற்கு யாங்கீஸ் சுமார் 15 கோடி கூடுதலாகக் கொடுத்தது. கூட வந்தது இரண்டு ஆண்டு அதிகம் மட்டும். அவர்களால் அது முடியும், ஆகவே காத்திருப்பது தப்பில்லை. கடைசியில் எவ்வளவானாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

அனாஹைமில் ஏஞ்சல்ஸ் அணி ஷோஹெய் ஒடானியை 2023இல் வைத்துக்கொண்டது அப்படியல்ல. உரிமையாளர் ஆர்ட்டி மொரீனோ முந்தைய ஆகஸ்டில் அணியையே விற்கப் போவதாகச் சொல்லி, ஜனவரியில் மனம் மாறினார். ட்ரேடுக்கு மிகச் சரியான அந்தக் குளிர்காலம் இதிலேயே கழிந்தது. ஜூலையில் விற்பதற்குப் பதில் லூக்கஸ் ஜியோலிட்டோவையும் ரெனால்டோ லோபஸையும் வாங்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் இருவரையும் வெய்வரில் விட்டார்கள். அந்த மாதம் ஒடானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. அணி 73-89. அவர் 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸுக்குப் போனார். ஏஞ்சல்ஸுக்கு மிஞ்சியது 2024 டிராஃப்டின் 74ஆம் பிக். இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய வீரருக்கு அதுதான் விலை என்பதை இன்னும் ஏற்க மனம் வரவில்லை.

நீட்டித்தவர்கள்

இங்கே நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீரர் இருக்க விரும்பினால் மட்டுமே இது நடக்கும். கிளீவ்லண்ட் 2021 ஜனவரியில் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை மெட்ஸுக்கு விற்றது. மெட்ஸ் சீசன் தொடங்கும் முன்பே 34.1 கோடிக்கு அவரைக் கட்டிப்போட்டது. கிளீவ்லண்டுக்கு வந்த ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ் கோல்ட் க்ளவ் வாங்கும் செகண்ட் பேஸ்மேன் ஆனார். அதே கிளீவ்லண்டில் ஹோசே ராமிரெஸ் 2022 ஏப்ரலில் 7 ஆண்டுக்கு 14.1 கோடிக்கே சம்மதித்தார். சந்தை விலையில் அது பாதிகூட இருக்காது. டொரான்டோவில் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் பயிற்சி முகாம் தொடங்கும் நாளைக் கெடுவாக வைத்தார். கெடு தாண்டியது, ஆனாலும் 2025 ஏப்ரலில் 14 ஆண்டுக்கு 50 கோடிக்குக் கையெழுத்திட்டார். கெடு தாண்டியதும் பதறி விற்காமல் இருந்ததன் பலன், அந்த அக்டோபரில் அணி வேர்ல்ட் சீரீஸ் ஏழாவது ஆட்டம் வரை போனது.

ட்ரேட் செய்தி வந்ததும் எதைப் பார்ப்பது

வரும் வீரர்களின் தரவரிசை எண்ணைப் பிறகு பார்க்கலாம். முதலில் 40 பேர் ரோஸ்டரைப் பாருங்கள். பாட்ரேஸுக்கு வந்த ஐவரில் தோர்ப் தவிர நால்வர் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள், போனது இருவர். ஆக இரண்டு இடம் கூடுதலாக வேண்டும். இடம் இல்லாத அணி யாரையாவது வெய்வரில் இழக்கும், அந்த இழப்பும் ட்ரேடின் விலையே.

அடுத்தது ஆப்ஷன். 40 பேர் பட்டியலில் உள்ள வீரரைப் பொதுவாக மூன்று சீசன்களில் வெய்வர் இல்லாமல் மைனருக்கு அனுப்பலாம். ஆப்ஷன் தீர்ந்த பிட்சரை 26 பேர் ரோஸ்டரிலேயே வைத்தாக வேண்டும். அதில் பிட்சர்களுக்கு 13 இடம்தான். ஆப்ஷன் உள்ள வாஸ்கெஸைப் போன்றவர் நீண்ட சீசனில் மேலும் கீழும் போய்வந்து பல ஸ்டார்ட்களை நிரப்புவார். அதே திறமையோடு ஆப்ஷன் இல்லாதவர் மார்ச் கடைசியில் தலைவலி.

மூன்றாவது, நாள். சீசன் முழுக்க ஒரே அணியில் இருந்தவருக்குத்தான் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுக்க முடியும், அதுவும் வாழ்நாளில் ஒரு முறைதான். டிசம்பரில் வாங்கும் அணி, ஓராண்டு ஆட்டத்தோடு நஷ்டஈட்டு பிக்குக்கான உரிமையையும் சேர்த்து வாங்குகிறது. ஜூலையில் வாங்கும் அணிக்குக் கிடைப்பது இரண்டரை மாத ஆட்டம் மட்டும், பிக் கிடையாது. அதனால்தான் முதல் ஆட்டம் தொடங்கிய அன்றே அந்த நட்சத்திரத்தின் விலையில் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது.