குப்பையைப் பிரிப்பதா, ஒரே பையில் கட்டிப் போடுவதா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம், தோட்ட லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்கள் கேட்கிற கேள்வி இது.

நேரம்: ஒரே பை என்றால் ஒரு நிமிடம். பிரித்தால் தினம் ஐந்து. அதில் பாதி பால் டின்னைக் கழுவத்தான். கழுவாமல் வைத்துப் பாருங்கள், விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும்.

காசு: ‘சூராட் காபார் லாமா’ (பழைய பேப்பர்) லாரிக்காரர் பேப்பருக்குத் தருவது ரொட்டி சானாய்க்குக் காணும். அலுமினிய டின்னுக்குத்தான் மதிப்பு. கண்ணாடிப் போத்தலை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

சட்டம்: கெடாவில் 2015 செப்டம்பர் முதல் பிரிப்பது கட்டாயம். அபராதம் 1,000 ரிங்கிட் வரை.

கைக்குழந்தையும் ஷிப்ட் வேலையும் உள்ள வீடா? பேப்பர், டின்னோடு தொடங்குங்கள். வேலை ஓய்ந்த தாத்தா இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்கலாம். எங்கள் வீட்டில் டின் நசுக்குவது அவர் வேலை. வேறு யாரையும் தொடவிடமாட்டார்.