லினக்ஸில் வைஃபை சிக்கல்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

லினக்ஸ் வகைகளான உபுண்டுவையும் டெபியனையும் அன்றாட வேலைக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வைஃபை வேலை செய்யாதபோது எந்தத் தீர்வையும் முயல்வதற்கு முன், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவை வாசித்துவிட வேண்டும் என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. விண்டோஸ் பழக்கத்திலிருந்து வருபவர்கள் உடனே டிரைவரை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். லினக்ஸில் பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்குரிய டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. இல்லாமல் போவது பல நேரங்களில் ஃபர்ம்வேர்தான்.

ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓட வேண்டிய நிரல். கணினி தொடங்கும்போது டிரைவர் அந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்துக் கார்டில் ஏற்றுகிறது. இக்கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலநிரல் வெளியிடப்படுவதில்லை என்பதால், டெபியன் இவற்றை நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை வழியாக நிறுவ விரும்பியவர்கள் ஃபர்ம்வேரைத் தனிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்நிலையை மாற்றினார்கள்; 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளின் மீது எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. ஆயினும் இணையமே கிடைக்காத கணினியைப் புதியவர் ஒருவரின் கையில் கொடுப்பதைவிட இந்த முடிவே சரியானது என்று கருதுகிறேன்.

பதிவை வாசிக்கும்போது ஒரு வரி பலரை அச்சுறுத்துகிறது. கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்று தேடினால், இன்டெல் கார்டுகளில் ‘ஃபெயில்ட் வித் எர்ரர் மைனஸ் 2’ என்று முடியும் வரிகள் அடுக்கடுக்காக வரக்கூடும். மைனஸ் 2 என்பதற்குக் கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு மேல் பொருளில்லை. இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்தவற்றுள் மிகப் புதிய ஃபர்ம்வேர் பதிப்பை முதலில் கேட்கிறது. அது வட்டில் இல்லையென்றால் ஒவ்வொரு பதிப்பாகக் கீழே இறங்கிவந்து, கிடைப்பதை ஏற்றிக்கொள்கிறது. ஆகவே கடைசியில் ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்ற வரி இருந்தால் மேலே உள்ள பிழைகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அந்த வரி இல்லாதபோதுதான் ஃபர்ம்வேர் பொதியை நிறுவவோ புதுப்பிக்கவோ வேண்டும்.

ஃபர்ம்வேர் ஏறியும் கார்டு உறங்கிக் கிடந்தால், ஆர்எஃப்கில் கட்டளையால் அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க மறுத்தால், கணினி எந்த நாட்டின் அலைவரிசை விதியைப் பின்பற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாடு 00, அதாவது எந்த நாடும் குறிக்கப்படவில்லை என்றிருந்தால் அந்த அலைவரிசையில் தானாக ஒலிபரப்பக் கார்டுக்கு அனுமதியில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது மின்சேமிப்பு அமைப்பு. இதில் பிழைச்செய்தி எதுவும் பதிவில் விழாது. காணொளி தடையின்றி ஓடும், தரவிறக்க வேகமும் குறையாது. ஆனால் வேறொரு கணினியிலிருந்து தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக மடிக்கணினிக்குள் நுழைந்து தட்டச்சு செய்தால் எழுத்துகள் தயங்கித் தயங்கித் திரையில் வரும். கார்டு சற்றுநேரம் சும்மா இருந்ததும் ரேடியோவை அணைத்துவிடுகிறது. அதற்கு வரும் தரவை ரவுட்டர் தன்னிடமே வைத்திருந்து, தான் சீரான இடைவெளியில் அனுப்பும் பீக்கன் என்ற குறிப்பலைகளில் அடுத்ததில்தான் அறிவிக்கிறது. பீக்கன்களுக்கிடையே வழக்கமான இடைவெளி ஏறத்தாழ 100 மில்லிவிநாடி. தரவு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போது கார்டு விழித்தே இருப்பதால், காணொளியை வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படுவதேயில்லை. உபுண்டுவில் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் அமைவுக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கி, நெட்வொர்க் மேனேஜரை மறுபடி தொடங்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும். பேட்டரி சற்றே கூடுதலாகச் செலவாகும் என்றாலும், நான் அதை 2இலேயே விட்டுவிட்டேன்.

மேசைக் கணினிக்கென வாங்கிய யுஎஸ்பி வைஃபை டாங்கிளின் அனுபவம் வேறு வகையானது. அதன் டிரைவர் அப்போது கெர்னலில் இல்லை. தனியாகக் கிடைத்த மூலநிரலை டிகேஎம்எஸ் மூலம் நிறுவினேன். கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கம்பைல் செய்து, அதாவது மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றித் தருவது டிகேஎம்எஸ்ஸின் வேலை. ஆனால் கெர்னலின் உள்இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அந்த மூலநிரலைப் பராமரிப்பவர் அதற்கேற்பத் திருத்தும்வரை கம்பைல் நடுவழியில் நின்றுவிடும், வைஃபையும் இருக்காது. நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு தடையும் உண்டு: கம்பைல் வெற்றியாக முடிந்தாலும், கையொப்பமில்லாத மாட்யூலை (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்பை) ஏற்ற முயலும்போது ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று கெர்னல் மறுத்துவிடும். நமக்கென ஒரு சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத்திரையில் அதைப் பதிவு செய்த பிறகே மாட்யூல் ஏறும். இத்தகைய டாங்கிளை நம்பியிருப்பவர்கள் பழைய கெர்னல் பொதியை நீக்காமல் வைத்திருப்பதும், அவசரத்துக்குக் கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து இணையம் பெறுவதும் நல்லது. அந்த வழிக்குத் தனி ஃபர்ம்வேர் எதுவும் தேவைப்படாது.

இந்நிலை மெல்ல மாறி வருகிறது. கெர்னல் 6.2இல் ரியல்டெக்கின் சில யுஎஸ்பி சிப்புகளுக்கான ஆதரவு நேரடியாகச் சேர்க்கப்பட்டது. மீடியாடெக்கின் எம்டி7921 சிப்பின் யுஎஸ்பி வடிவத்துக்கு 5.18 முதலே டிரைவர் உண்டு. ஆகவே இப்போது வாங்குபவர்கள் வேகத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், சிப்பின் எண்ணைக் கேட்டறிந்து, தங்கள் கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மாடல் பெயரில் பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே முற்றிலும் வேறு சிப் வருவதும் உண்டு என்பதால், அட்டைப்பெட்டியின் மேல் இருப்பதை முழுமையாக நம்ப முடியாது. டாங்கிளைச் செருகி, எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் அடையாள எண்ணை, பொருளைத் திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடிவதற்குள் சரிபார்த்துவிடுவதே பாதுகாப்பான வழி.