குதிரைக்கு "இயற்கைப்" பூச்சிப் பொடி விற்கிறவர் வந்தால் உஷார்

வடசென்னையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் ஒருத்தர் பைக்கில் லாயம் லாயமாக வந்து ஒரு பொடி விற்கிறார். டப்பா 1,800 ரூபாய். பூண்டு, வேப்பிலை, பப்பாளி விதை, கெமிக்கலே கிடையாது, ஒரு மாதம் கொடுத்தால் வருஷத்துக்கும் வயிற்றில் பூச்சி தங்காது என்று பேச்சு.

கொடுக்க ஆரம்பித்த சில நாளில் ஆளே வந்து, லத்தியைக் குச்சியால் கிளறி, நூல்நூலாக வெள்ளையாகக் கிடந்ததைக் காட்டி, "பாருண்ணா, எப்படிக் கொட்டுது" என்றார். எங்கள் குதிரையோ இளைத்துக்கொண்டே போனது. விலா தெரிகிறது, ரோமத்தில் பளபளப்பே இல்லை, கொள்ளு வைத்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. பொடி தீர்ந்ததும் லத்தியையும் அந்த நூலையும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நூல் புழுவே இல்லை, வெறும் நார். டப்பா அடியில் ஒட்டியிருந்த பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தேன், அதே நார் மிதக்கிறது!

லத்தியில் புழு முட்டையை எண்ணினால்தான் விஷயம் தெரியும். வளர்ந்த குதிரைக்கு ஒரு கிராமுக்கு 200க்குள் இருந்தால் குறைவு, 500 தாண்டினால் அதிகம். எங்களுக்கு ஆயிரத்துக்கு மேல். டாக்டர் எடைக்கு ஏற்ற அளவில் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணியபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்புறம் அந்தப் பூண்டு. காய்ந்த பூண்டை அளவுக்கு மீறித் தின்றால் குதிரையின் ரத்த அணுக்கள் உடைந்து ரத்தசோகையே வரும், இதை அந்த ஆள் எங்கே சொல்லப் போகிறார்.

இயற்கை வழியே இல்லை என்று சொல்லவில்லை. மேய்கிற இடத்தில் லத்தியை வாரத்துக்கு இரண்டு தடவை அள்ளிவிடுங்கள், காசே ஆகாது. நம்ம ஊர்ச் சூட்டில் லத்தியில் கிடக்கிற முட்டை பொரிந்து, புழு புல்லில் ஏறி, அடுத்த குதிரை வாய்க்குப் போகத் தயாராக ஒரு வாரம் போதும், அதுவும் பத்துக் குதிரை ஒரே மைதானத்தில் மேய்ந்தால் கேட்கவே வேண்டாம். புதுக் குதிரை வாங்கினால் லத்தி பார்த்த பிறகே மற்றதோடு விடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கொள்ளு கொடுத்தீங்கல்ல, அதான் மருந்து முறிஞ்சிடுச்சு" என்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை. அதே டப்பாவில் ஆட்டுப் படம் ஒட்டி புளியந்தோப்பில் விற்கிறாராம்.