மோட்டார்ஹோம் கூரைக்கு எந்தச் சோலார் பேனல்? 200 வாட் அமைப்பு ஒன்றின் மதிப்பீடு

பிரிட்டனில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல் தங்கக்கூடிய வண்டி) வைத்திருப்பவர்கள் சோலார் பேனல் வாங்கப் புறப்படும்போது, எத்தனை வாட் போடலாம் என்பதையே முதலில் கேட்கிறார்கள். கூரையில் நிழல் விழாத இடம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபியட் டுகாட்டோ வேனின் அடித்தளத்தின் மீது கட்டப்பட்ட ஆறு மீட்டர் வண்டியின் கூரை கீழிருந்து பார்க்கும்போது பரந்து தெரிந்தாலும், ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் கூரைச் சாளரம், காற்றுப் போக்கி, தொலைக்காட்சி ஆன்டெனா ஆகியவை பிடித்துக்கொண்ட இடம் போக இரண்டு மூன்று துண்டு இடங்களே எஞ்சும். எங்கள் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தவை, தலா 100 வாட் திறனும் அலுமினியச் சட்டமும் கொண்ட இரண்டு கண்ணாடிப் பேனல்களும், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15 என்ற சார்ஜ் கன்ட்ரோலரும் ஆகும். ஒரே பெரிய 200 வாட் பேனல் வாங்கியிருந்தால் விலையில் சற்று மிச்சம் பிடித்திருக்கலாம்; ஆனால் அதைச் சாளரத்தின் நிழல் படாமல் கிடத்த எங்கள் கூரையில் இடமே இல்லை.

வளையும் பேனல்களைப் பலர் விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. 100 வாட் கண்ணாடிப் பேனல் ஆறு ஏழு கிலோ இருக்கும்போது, அதே திறனுள்ள வளையும் பேனல் ஏறத்தாழ இரண்டு கிலோதான். உயரமும் சில மில்லிமீட்டரே. 1997 சனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் பொதுவாக 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைத்தான் ஓட்டலாம் என்பதால், தண்ணீர், எரிவாயு உருளை, மிதிவண்டிகள் எல்லாம் ஏற்றிய பின் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வருகிறது. ஆயினும் நான் அவற்றைத் தவிர்த்தேன். பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் சுமார் 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. வெயில் நாளில் செல் 65 பாகையை எட்டினால் ஏழில் ஒரு பங்கு மின்சாரம் அங்கேயே போய்விடும். கூரையோடு முழுவதும் ஒட்டப்பட்ட பேனலின் அடியில் காற்றுப் புக வழியில்லாததால் அது மேலும் சூடாகிறது. அந்தச் சூட்டின் ஒரு பகுதி நாம் படுத்துறங்கும் இடத்துக்கும் இறங்குகிறது. மேலுறை மங்குவது, வண்டியின் அதிர்வில் மெல்லிய செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுவது ஆகியவையும் இவ்வகையின் குறைகள். பழுதடைந்த வளையும் பேனலைக் கூரையின் வண்ணப்பூச்சு சிதையாமல் பெயர்த்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நண்பர் ஒருவரின் வண்டியில் நேரிலேயே பார்த்தேன். மேலே தூக்கி உயர்த்தும் கூரை கொண்ட சிறிய கேம்பர் வேன்களுக்கு மட்டும் நான் வளையும் பேனலைப் பரிந்துரைப்பேன். அங்கே எடை உண்மையிலேயே முதன்மையானது. அப்படி வாங்கினாலும், மேலுறை சாதாரண பெட் (PET) பிளாஸ்டிக்காக இல்லாமல், வெயிலை நன்கு தாங்கும் இ.டி.எஃப்.இ. (ETFE) பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பேனலின் மீது எழுதியிருக்கும் 100 வாட் என்பது, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேராக விழும் ஆய்வகச் சூழலில் அளந்த எண். கூரையில் படுக்கை வசமாகக் கிடக்கும் பேனலுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. லண்டனில் சூன் மாத நண்பகலில் சூரியன் 62 பாகை உயரத்தில் நிற்கிறது. டிசம்பர் நண்பகலில் வெறும் 15 பாகை. பகல் குறுகுவதையும் மேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், சமதளத்தில் டிசம்பரில் கிடைக்கும் ஒளி சூனில் கிடைப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். எங்கள் இரு பேனல்களும் தெளிவான கோடை நாளில் 700 முதல் 800 வாட்-மணி (ஒரு வாட் திறன் ஒரு மணி நேரத்தில் தரும் மின்சாரமே ஒரு வாட்-மணி) வரை தருகின்றன. நடுக் குளிர்காலத்தில் 100 வாட்-மணியை எட்டுவதே பெரும்பாடு. கம்ப்ரஸர் வகைக் குளிர்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 வாட்-மணி கேட்கும் என்பதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெளி மின்னிணைப்பு இல்லாமல் விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் இயல்பாக நடக்கின்றன. எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி உள்ளவர்களுக்கு இதில் பாதியே போதும். அந்தக் குளிர்பெட்டியை 12 வோல்ட்டில் ஓட்டினால் 100 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் இழுக்கும் என்பதால், வண்டி நின்றிருக்கும்போது அதைச் சோலாரில் ஓட்ட நினைப்பது வீண். குளிர்காலத்தில் வடக்கே தங்குபவர்களுக்குக் கூரைப் பேனல் பேட்டரியை வற்றாமல் காப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்பதை விற்பனையாளர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான விளம்பரங்களில் கோடைக் கணக்கு மட்டுமே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. குளிருக்கு அஞ்சித் தெற்கு ஸ்பெயினுக்குப் போகிறவர்களின் நிலை வேறு: அண்டலூசியாவில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் சுமார் 30 பாகை உயரத்தில் இருப்பதால், இதே பேனல்கள் அங்கே பலமடங்கு தருகின்றன.

இந்த அமைப்பில் நான் மிகவும் மெச்சுவது கன்ட்ரோலரைத்தான். 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவது உண்மையில் 18 வோல்ட்டுக்கு அருகில்தான் முழுத் திறனைத் தருகிறது. மலிவான பி.டபிள்யூ.எம். (PWM) வகைக் கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்குக் கீழிறக்கிவிடுவதால், 100 வாட் பேனலிலிருந்து 70 வாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே கைக்கு வரும். எங்களுடையதைப் போன்ற எம்.பி.பி.டி. (MPPT) வகையோ அந்த மிகை வோல்ட்டை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. 75/15 என்பதில் முதல் எண் தாங்கும் உச்ச வோல்ட்டையும் இரண்டாவது வெளிவிடும் ஆம்பியரையும் குறிக்கின்றன. 12 வோல்ட் பேட்டரிக்கு இது 220 வாட் வரையிலான பேனல்களுக்குப் பொருந்தும். உள்ளேயே புளூடூத் இருப்பதால், முப்பது நாள் விளைச்சலைக் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. எந்த மரத்தடியில் நிறுத்தினால் எவ்வளவு இழக்கிறோம் என்பது அப்போதுதான் புரியும்.

இரு பேனல்களையும் வோல்ட் மாறாமல் மின்னோட்டம் மட்டும் கூடும் பக்க இணைப்பில் கோப்பதா, வோல்ட் கூடும் தொடர் இணைப்பில் கோப்பதா என்பது தீராத வாதமாக நடக்கிறது. நிழல் விழுந்தால் பக்க இணைப்பே மேல் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் அது முழு உண்மையன்று. ஒரு பேனலின் பாதியில் நிழல் விழுந்து நிழலில் உள்ள செல்களை ஒதுக்கி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் அதன் பைபாஸ் டையோடு வேலை செய்யத் தொடங்கினால், அப்பேனலின் வோல்ட் ஏறத்தாழ ஒன்பதுக்கு இறங்கிவிடும். பக்க இணைப்பில் அது பேட்டரிக்கு எதையும் தர இயலாது. தொடர் இணைப்பிலோ எஞ்சிய பாதியும் சேர்ந்து உழைக்கும். மேலும், இந்தக் கன்ட்ரோலர் வேலையைத் தொடங்கப் பேனலின் வோல்ட் பேட்டரியைவிட ஐந்து அதிகமாக இருக்க வேண்டும் என்பதால், மங்கிய காலைப் பொழுதில் தொடர் இணைப்பு முந்திக்கொள்கிறது. இக்காரணங்களால் நான் தொடர் இணைப்பையே ஏற்றேன். எதனுடனும் இணைக்காத திறந்த நிலையில் 22 வோல்ட் வீதம் இரண்டும் 44 ஆவதால், குளிரில் வோல்ட் உயர்ந்தாலும் 75 என்ற எல்லைக்குள் தாராளமாக நிற்கிறது. மூன்றைத் தொடராகக் கோத்தால் உறைபனிக் காலையில் அந்த எல்லையை நெருங்கிவிடும். அதைச் செய்யக் கூடாது.

பொருத்தும் வேலையில் துளையிடுதல் கம்பி இறங்கும் ஓரிடத்தில் மட்டுமே. பேனல்களை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தாங்கிகளின் மீது வைத்து, தாங்கிகளைச் சிக்காஃப்ளெக்ஸ் 252 பசையால் கூரையில் ஒட்டினோம். ஒட்டுமிடத்தை நன்கு துடைத்து, பசை இறுகும் வரை வண்டியைச் சாலையில் இறக்காமல் வைத்திருப்பது இன்றியமையாதது. மோட்டார்வே எனும் விரைவுச் சாலையில் கழன்று பறக்கும் பேனல் பின்னால் வருபவரின் உயிருக்கே கேடு. பேனலுக்கும் கூரைக்கும் இடையே காற்றோடும் இடைவெளி கிடைப்பது தாங்கிகளின் இன்னொரு நன்மை. வண்டியின் உயரம் சில சென்டிமீட்டர் கூடுகிறது. 3 மீட்டரைத் தாண்டினால் ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. எனவே புதிதாக அளந்து குறித்துக்கொள்வது நல்லது. கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகிலேயே வைத்து, இடையில் ஃபியூஸ் போட்டு, முதலில் பேட்டரியையும் அதன்பின் பேனலையும் இணைக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், வெப்பநிலையைக் கண்டு தானே நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கோடையில் பயணம் செய்யும் இருவருக்கு இந்த அமைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நாள் முழுதும் மடிக்கணினியில் வேலை செய்வோருக்கும் குழந்தைகளோடு செல்வோருக்கும் 200 வாட் குறைவு. பின்னர் மூன்றாவது பேனல் சேர்க்கும் எண்ணம் இருந்தால், தொடக்கத்திலேயே பெரிய 100/20 கன்ட்ரோலரை வாங்குவது சிக்கனம். வசந்தத்தின் தொடக்கத்திலும் இலையுதிர் காலத்தின் இறுதியிலும் வெளியே கிளம்புபவர்கள், கூடுதல் பணத்தைக் கூரையில் போடாமல், தரையில் சூரியனை நோக்கிச் சாய்த்து வைக்கக்கூடிய மடிப்புப் பேனல் ஒன்றில் செலவிடலாம். வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு, அதை மட்டும் வெயிலில் வைக்க முடியும்.