மரியா மிட்செலின் டைரியும் கடிதங்களும்: காசு கொடுத்து வாங்காதீர்கள், ஆனால் கட்டாயம் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தை நான் ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தேன். வந்தது பழைய பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே அடித்துக் கட்டிய ஒன்று. பொடி எழுத்து, படம் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு, பல பக்கங்களில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. திருப்பி அனுப்பிவிட்டு, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொண்டேன். 1896ல் பாஸ்டனில் வெளியான புத்தகம், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கி ஃபோனிலேயே படித்து முடித்தேன்.

பெயர் 'மரியா மிட்செல்: லைஃப், லெட்டர்ஸ், அண்ட் ஜர்னல்ஸ்'. தொகுத்தவர் அவருடைய தங்கை ஃபீபி மிட்செல் கெண்டால். மரியா ஒரு வானியலாளர், 1818ல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நிறைந்த ஊர், நடுக்கடலில் இடம் தெரிய நட்சத்திரம்தான் துணை, அதனால் வானம் பார்ப்பது அங்கே பிழைப்போடு சேர்ந்த விஷயம். அப்பா கப்பல் கடிகாரங்களை நட்சத்திரம் பார்த்துச் சரிசெய்து தருவார். 1831 சூரிய கிரகணத்தின்போது அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று நொடிகளை எண்ணிச் சொன்ன 12 வயதுப் பெண்தான் பின்னால், 1865ல் பெண்களுக்கான வாசர் கல்லூரி திறந்தபோது அங்கே வானியல் பேராசிரியர் ஆனார்.

டைரி என்றதும் சின்ன வயதிலிருந்து எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1846ல் நான்டக்கெட்டில் பெரிய தீ விபத்து நடந்து, ஊரில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. யார் யாருடைய அந்தரங்கக் கடிதங்களோ தெருவெல்லாம் பறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி ஆகக் கூடாது என்று தன் டைரிகளையும் கடிதங்களையும் அவரே எரித்துவிட்டார். அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதியவருக்கு எரிக்க உரிமை இருக்கிறது, சரி. ஆனாலும் அந்த 28 வயது வரைக்குமான பெண்ணை அவர் வார்த்தையிலேயே கேட்க வாய்ப்பில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆரம்ப வருடங்களை இதனால் தங்கையின் நினைவிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம், அந்தப் பகுதி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

மிஞ்சியதில் எனக்கு மிகப் பிடித்தது 1855 ஜனவரிப் பக்கங்கள். தொலைநோக்கிக்குள் மெல்லிய இழைகளைக் கோடு மாதிரி கட்டியிருப்பார்கள், நட்சத்திரம் எந்த நொடியில் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பதற்காக. ஐந்து இழைகளில் இரண்டு அறுந்துவிட்டன. இதை எப்படிச் சரிசெய்வது என்ற பயத்தில் முந்தின ராத்திரி தூக்கமே சரியாக இல்லை அவருக்கு. சிலந்தி நூலைக் கையாளத் தெரியாது என்பதால் தன் தலைமுடியையே பிடுங்குகிறார், அதுவும் நரைமுடியாகப் பார்த்து, கறுப்பு முடி வீணாக்கும் அளவுக்கு இல்லை என்று. அட்டையில் இழுத்துப் பிடித்து, சாராயத்தில் கரைத்த அரக்கால் ஒட்டுகிறார். முடியில் அரக்கு பட்டுவிட்டது, சின்னத் தூரிகையால் கழுவப் போக, ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. மறுபடி ஒட்டுகிறார், கை அசைந்து எல்லாம் கிளம்புகிறது, மறுபடி முதலிலிருந்து. ஒரு மணிக்குத்தான் எல்லாம் உட்கார்கிறது, இழைகள் ஒட்டிய தகட்டைத் தொலைநோக்கிக்குள் திரும்பப் பொருத்தும்போது லேசாக இடித்து அதுவும் கலைகிறது. அப்புறம் சில நாளில் இன்னொரு சிக்கல்: வானிலை மாறினால் முடி சுருண்டுகொள்கிறது. ஹார்வர்டில் இருந்த வானியலாளர் ஜார்ஜ் பாண்டுக்குக் கடிதம் போட்டுக் கேட்கிறார், சிலந்திக் கூட்டின் நூல்தான் சரி, ஆனால் இந்தக் குளிர்காலத்தில் கிடைப்பது கஷ்டம் என்று பதில் வருகிறது. உடனே அவருக்கு ஞாபகம் வருகிறது, தான் வேலை பார்க்கும் நூலகத்தின் அறையில் இரண்டு கூடுகள் இருக்கின்றன, கலைக்க மனசில்லாமல் விட்டுவைத்தது. போய்ப் பார்த்தால் முழுசாக இருக்கின்றன!

உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பிறகு எழுதியது இது என்பதுதான் என்னை அசத்தியது. 1847 அக்டோபர் 1 இரவு, வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது மாடிக்கு நழுவிப் போய், தொலைநோக்கியில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். ரோமில் இருந்த வானியலாளர் அதே வால்மீனை 3ஆம் தேதி பார்த்தார், தகவல் போய்ச் சேர்ந்ததில் முன்பின் ஆனதால் தொலைநோக்கியில் புது வால்மீனை முதலில் காண்பவருக்கான டென்மார்க் அரசரின் தங்கப் பதக்கம் கைநழுவ இருந்தது, ஹார்வர்டின் தலைவர் எட்வர்ட் எவரெட் விடாமல் வாதாடி வாங்கித் தந்தார். 1849 முதல் மாலுமிகளுக்கான பஞ்சாங்கத்துக்கு வெள்ளி கிரகத்தின் இருப்பிடங்களைக் கணக்கிட்டுக் கொடுத்தார், வருடத்துக்கு 300 டாலர். இவ்வளவுக்கும் நடுவில் அறுந்த இழையோடு ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டியதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள்.

ஐரோப்பியப் பயணப் பகுதி நீளம், ஆனால் அலுக்கவில்லை. ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல், தன்னைப்போலவே வானியலாளரான அத்தை கரோலின் ஹெர்ஷலின் கையெழுத்துத் தாள் ஒன்றை இவருக்குக் கொடுக்கிறார், ஃப்ளாரன்ஸில் அறிவியல் எழுத்தாளர் மேரி சோமர்வில்லை இவர் போய்ப் பார்க்கிறார். ரோமில் பாதிரியார்கள் நடத்திய வான் ஆய்வகத்துக்குள் பெண்கள் நுழையத் தடை, அலைந்து திரிந்து மேலிடத்து அனுமதி வாங்கி உள்ளே போனால், இருட்டும் முன் வெளியேறிவிட வேண்டுமாம். வானியல் ஆய்வகத்தில்! படிக்கிற எனக்கே வயிறு எரிந்தது, அவர் எழுத்தில் நிதானம் தவறவே இல்லை.

வாசர் அத்தியாயங்களுக்கு வந்தால் வேறு ஆளாகத் தெரிகிறார். ஆய்வகக் கட்டடத்திலேயே அப்பாவோடு குடியிருந்து, மார்க் போடுவதை வெறுத்து, ராத்திரியில் மாணவிகளைத் தொலைநோக்கியிடம் கூட்டிவந்த டீச்சர். 1878ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க மாணவிகளோடு டென்வர் வரை ரயிலில் போகிறார், இரண்டு ரயில் கம்பெனிகள் போட்ட சண்டையில் சாமான்கள் நடுவழியில் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பயணக் கதைக்காகவே புத்தகத்தை இன்னொரு முறை படிக்கலாம். இவரிடம் படித்தவர்தான் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், பின்னால் எம்ஐடியில் சேர்ந்து படித்த முதல் பெண். படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாசரில் இவருக்குச் சம்பளம் 800 டாலர், ஆண் பேராசிரியர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சும்மா இருக்காமல் எதிர்த்துக் கேட்டவர் இவர்.

குறை என்றால், தொகுப்பு ஒரே சீராக இல்லை. சில இடங்களில் தேதி தெளிவாக இல்லாமல் துண்டு துண்டாகப் போகிறது, எங்கே அக்கா பேசுகிறார் எங்கே தங்கை பேசுகிறார் என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பழைய ஆங்கிலம்தான், ஆனால் மரியாவின் வாக்கியங்கள் சின்னவை, பிளஸ் டூ பிள்ளைகளே சமாளித்துவிடுவார்கள். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஃபைலைத் திறந்து 1855 என்று தேடி, அந்தத் தலைமுடி விவகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.